உள்வைப்புகள் தாங்கும் பல்செட்: செய்யும் முறை மாறினால் மனநிறைவு மாறுமா?

பற்கள் அனைத்தையும் இழந்தவர்களுக்குத் தாடை எலும்பில் டைட்டானியம் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் பல்செட்டை அமைக்கும் சிகிச்சை பரவலாகி வருகிறது. இத்திருகுகளே இம்பிளாண்ட் எனப்படும் பல் உள்வைப்புகள். இச்சிகிச்சையுடன் 'டிஜிட்டல் பல்செட்', 'முப்பரிமாண அச்சில் செய்த பல்செட்', 'கணினி செதுக்கிய பல்செட்' ஆகிய புதிய பெயர்களும் விளம்பரங்களில் இடம்பெறுகின்றன. பழைய முறையில் கையால் செய்வதைவிட இவை மேலானவை என்னும் கருத்து அவ்விளம்பரங்களில் பொதுவாகக் காணப்படுகிறது.

இச்சிகிச்சைக்குக் குடும்பத்தின் சேமிப்பிலிருந்து கணிசமான தொகை செலவாகிறது. அறுவை சிகிச்சையும் பல மாதக் காத்திருப்பும் இதில் அடங்கும். அதன்பின் அமையும் பல்செட்டைக் கொண்டே அம்முதியவர் பல ஆண்டுகள் உண்ணவும் பேசவும் வேண்டும். ஆகவே கூடுதல் கட்டணம் எதற்காகக் கேட்கப்படுகிறது, அதனால் அணிபவருக்கு என்ன பயன் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. இப்பக்கம் அதற்கு உதவும் நோக்கில் எழுதப்பட்டுள்ளது.

சுருக்கமாக

• கீழ்த்தாடைப் பல்செட்டை உள்வைப்புகள் தாங்குவதே அணிபவரின் மனநிறைவைப் பெரிதும் உயர்த்துகிறது. இதற்கு இரண்டு உள்வைப்புகளே போதுமானவையாக இருக்கலாம்.
• அந்தப் பல்செட் கையால் செய்யப்பட்டதா, கணினியின் துணையுடன் செய்யப்பட்டதா என்பதால் அணிபவர் உணரும் வேறுபாடு பெரும்பாலும் சிறிது.
• கணினி முறைகளின் உறுதியான பயன்கள் வேறு: மருத்துவமனைக்குச் செல்லும் தடவைகள் குறைகின்றன, உலோகச் சட்டம் துல்லியமாக அமைகிறது, தொலைந்த பல்செட்டை மீண்டும் செய்வது எளிதாகிறது.
• கழற்றி மாட்டும் பல்செட்டா, நிலையாகத் திருகிய பல்செட்டா என்பதும், அதை நாள்தோறும் யார் தூய்மை செய்வார் என்பதும் செய்முறையைவிட முக்கியமான முடிவுகள்.

கீழ்த்தாடைப் பல்செட் ஏன் ஆடுகிறது?

உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய் நல அறிக்கையின் மதிப்பீட்டின்படி, உலகில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரும், 60 வயதுக்கு மேற்பட்டோரில் 23 விழுக்காட்டினரும் பற்கள் முழுவதையும் இழந்தவர்கள்.

பல் விழுந்த பின்னர், அதைத் தாங்கியிருந்த எலும்பு மேடு சிறிது சிறிதாகக் கரைகிறது. பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுக் காலம் கவனித்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு, மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் இக்கரைவு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. மேல்தாடைப் பல்செட் அண்ணம் முழுவதையும் மூடி, உமிழ்நீரின் பற்றுதலால் ஒட்டி நிற்கிறது. கீழ்த்தாடைப் பல்செட்டுக்கு அத்தகைய பரப்பு இல்லை. போதாதற்கு நாக்கும் கன்னத் தசைகளும் அதை இடைவிடாது அசைக்கின்றன. எனவே மேல் பல்செட்டுக்குப் பழகிவிட்டவர்கள்கூடக் கீழ்ப் பல்செட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

எலும்பும் டைட்டானியமும் இறுகப் பிணையும் தன்மையைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனமார்க் 1950களில் கண்டறிந்தார். 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அத்தகைய உள்வைப்புகளைப் பொருத்தினார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய வல்லுநர்கள், பல் முழுவதும் இழந்த கீழ்த்தாடைக்கு இரண்டு உள்வைப்புகள் தாங்கும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தனர். பிரிட்டனில் 2009இல் வெளியான யார்க் அறிக்கையும் இதே நிலையை எடுத்தது.

இரு வகைப் பல்செட்டுகள்

கழற்றி மாட்டும் வகை: உள்வைப்புகளின் தலைப்பகுதியும் பல்செட்டின் அடிப்பகுதியும் சட்டையின் அழுத்துப் பொத்தானைப் போல ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். உள்வைப்புகளை இணைக்கும் உலோகக் கம்பியின் மேல் கவ்வும் வடிவமும் உண்டு. அணிபவரே கழற்றிக் கழுவலாம்.

நிலையாகத் திருகிய வகை: பொதுவாக நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட உள்வைப்புகளின் மேல் உலோகம் அல்லது சிர்கோனியா எனும் பீங்கான் சட்டம் திருகப்படும், பற்கள் அதன் மேல் அமையும். பல் மருத்துவர் மட்டுமே கழற்ற இயலும்.

செய்யும் முறைகள்

எந்த முறையானாலும் மூன்று வேலைகள் உண்டு: வாயை அளவெடுத்தல், உலோகச் சட்டம் தேவைப்பட்டால் அதை உருவாக்குதல், ஈறு நிற அடிப்பகுதியையும் பற்களையும் அமைத்தல். கணினி இம்மூன்றில் ஒன்றில் மட்டும் பயன்படலாம், மூன்றிலும் பயன்படலாம். எனவே 'டிஜிட்டல்' என்னும் ஒரே சொல் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பொருளைத் தருகிறது.

மரபான முறை: பசை போன்ற பொருளை வாயில் வைத்து அளவெடுத்து, அதிலிருந்து மாவுக்கல் மாதிரி செய்வர். அதன்மேல் மெழுகில் பற்களை அடுக்கி, வாயில் பொருத்திப் பார்த்து, பின்னர் மெழுகை நீக்கி அவ்விடத்தில் அக்ரிலிக்கை நிரப்பிச் சூட்டில் இறுகச் செய்வர். இறுகும்போது அக்ரிலிக் கன அளவில் ஏறத்தாழ 7 விழுக்காடு சுருங்கும். தேர்ந்த தொழில்நுட்பர் இச்சுருக்கத்தின் விளைவைப் பெருமளவு கட்டுப்படுத்துவார். ஆயினும் முற்றிலும் தவிர்க்க இயலாது. உலோகச் சட்டம் தேவைப்பட்டால், சுவாமிமலைச் சிற்பிகள் படிமங்களை வார்ப்பதுபோல, மெழுகு உருவைச் சுற்றி அச்சமைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். நீண்ட சட்டத்தை ஒரே வார்ப்பில் எடுக்கும்போது, உலோகம் குளிர்கையில் சற்று வளைய வாய்ப்புண்டு.

செதுக்கும் முறை: தொழிற்சாலையில் உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் முன்னரே இறுகச் செய்யப்பட்ட அக்ரிலிக் வட்டிலிலிருந்து, கணினி வடிவமைத்தபடி இயந்திரம் பல்செட்டைச் செதுக்கி எடுக்கிறது. சுருக்கம் முன்பே முடிந்துவிட்டதால் வடிவம் மாறுவது குறைவு, பொருளும் அடர்த்தியானது. உலோகச் சட்டத்தையும் டைட்டானியக் கட்டியிலிருந்து இவ்வாறே செதுக்கலாம்.

முப்பரிமாண அச்சு முறை: ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினை மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாக இறுகச் செய்து பல்செட் உருவாக்கப்படுகிறது. பொருள் வீணாவது குறைவு; செலவும் பொதுவாகக் குறைவு. ஆனால் அச்சிட்ட பின்னர் நன்கு கழுவி, மீண்டும் ஒளியில் வைத்து முழுமையாக இறுகச் செய்வது இன்றியமையாதது. ஆய்வகச் சோதனைகளில் அச்சிட்ட பிசினின் வலிமை, செதுக்கிய அக்ரிலிக்கின் வலிமையைவிடப் பொதுவாகக் குறைவாகவே காணப்படுகிறது. உலோகச் சட்டத்துக்கு, உலோகத் தூளை லேசர் கதிரால் அடுக்கடுக்காக உருக்கி இணைக்கும் முறை உண்டு.

ஸ்கேனர் கொண்டு அளவெடுத்தல்: சிறு கேமரா வாயினுள் படம் எடுத்து உருவத்தைச் சேர்க்கிறது. பசைப் பொருளால் குமட்டல் ஏற்படுவோருக்கு இது பெரும் ஆறுதல். எனினும் தாடை முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படம்பிடிக்கையில் சிறு பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகக்கூடும். பல உள்வைப்புகளின் மேல் ஒரே சட்டத்தைத் திருகும்போது இப்பிழை பொருட்படுத்தத் தக்கது. சட்டம் இழுவிசையின்றி இயல்பாக அமராவிட்டால் திருகுகள் தளர்வதும் பாகங்கள் உடைவதும் மிகுதியாகும். எனவே ஸ்கேன் எடுத்த பின்னரும், சட்டத்தை வாயில் வைத்துச் சரிபார்க்கும் கட்டம் தவிர்க்கப்படலாகாது.

மனநிறைவை எவ்வாறு அளக்கிறார்கள்?

ஆய்வுகளில் இருவகை அளவீடுகள் வழக்கமாகப் பயன்படுகின்றன. முதலாவது, 100 மில்லிமீட்டர் நீளக் கோடு. ஒரு முனை 'சற்றும் நிறைவில்லை', மறு முனை 'முழு நிறைவு' எனக் கொண்டு, மெல்லுதல், பேச்சு, தோற்றம், உறுதி, தூய்மை செய்யும் எளிமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் நோயாளி ஒரு புள்ளியிடுவார். இரண்டாவது, வாய்நலக் குறைவு வாழ்க்கையை எந்த அளவு பாதிக்கிறது என்பதைக் கேட்கும் வினாத்தாள். 14 வினாக்கள் கொண்ட அதன் சுருக்க வடிவில் ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. மதிப்பெண் கூடக்கூடப் பாதிப்பு மிகுதி என்று பொருள்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஆடும் பல்செட்டுடன் பல ஆண்டுகள் அவதியுற்றவருக்கு, உள்வைப்பு தாங்கும் எந்தப் பல்செட்டும் பெரும் விடுதலையாகத் தோன்றும். அவர் கோட்டின் மேல் முனைக்கு அருகிலேயே புள்ளியிடுவார். அந்த உயரத்தில் இரு செய்முறைகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாடு புலப்படுவது கடினம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

மரபான கீழ்ப் பல்செட்டையும் உள்வைப்புகள் தாங்கும் கீழ்ப் பல்செட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் முடிவு தெளிவானது: உறுதி, மெல்லும் திறன், பொது மனநிறைவு ஆகியவற்றில் உள்வைப்புகள் உள்ள பல்செட்டே முன்னிற்கிறது. கழற்றி மாட்டும் வகையில் இரண்டு உள்வைப்புகளுக்குப் பதில் நான்கு வைத்தாலும், கீழ்த்தாடையில் மனநிறைவு அதற்கேற்ப இரட்டிப்பதில்லை. வேறுபாடு பெரும்பாலும் சிறிதே. மேல்தாடையில் எலும்பு மென்மையானது. ஆகவே அங்கே கூடுதல் உள்வைப்புகள் தேவைப்படும்; மரபான மேல் பல்செட்டே நன்கு நிற்கும் ஒருவருக்கு உள்வைப்பால் கிடைக்கும் கூடுதல் பயனும் குறைவு.

நிலையான வகையையும் கழற்றி மாட்டும் வகையையும் ஒரே நோயாளிகள் மாறி மாறி அணிந்து ஒப்பிட்ட கனடிய ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. இறுதியில் எதை வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்றையும் பாதிப்பேர் மற்றொன்றையும் தேர்ந்தனர். நிலையானதைத் தேர்ந்தவர்கள் உறுதியையும் மெல்லும் திறனையும் காரணமாகக் காட்டினர். கழற்றி மாட்டுவதைத் தேர்ந்தவர்கள் தூய்மை செய்யும் எளிமையைப் பெரிதாக மதித்தனர். அனைவருக்கும் உகந்த ஒரே வகை இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

இனிச் செய்முறை. கணினி முறையையும் மரபான முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை உள்வைப்பு இல்லாத முழுப் பல்செட்டுகளைப் பற்றியவை. உள்வைப்புகள் தாங்கும் பல்செட்டுகளை நேரடியாக ஒப்பிட்டவை குறைவு. அவற்றில் பங்குபெற்றவர்களும் சிலரே. இவ்விரு தொகுதிகளும் பொதுவாகக் காட்டும் போக்கு ஒன்றே: அணிபவரின் மனநிறைவில் பெரிய வேறுபாடு இல்லை. செதுக்கிய பல்செட் தாடையை நன்கு பற்றி நிற்கிறது என்று சில ஆய்வுகள் கண்டன. அச்சிட்ட பல்செட்டின் தோற்றம், உறுதி, வசதி ஆகியவற்றில் மரபான பல்செட்டுக்கே கூடுதல் மதிப்பெண் கிடைத்த ஆய்வுகளும் உண்டு. அச்சுப் பொருள்கள் விரைவாக மேம்பட்டு வருவதால், முந்தைய தலைமுறைப் பிசின்களைக் கொண்டு கிடைத்த முடிவுகள் இன்றைய பிசின்களுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. பற்கள் சரியாகச் சந்திக்கின்றனவா, உதடு இயல்பாக அமைகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, புண்படுத்தும் இடத்தை மருத்துவர் பொறுமையாகத் தேய்த்துச் சீராக்குகிறாரா என்பனவே அணிபவர் நாள்தோறும் உணர்பவை. இவற்றைக் கணினி தானாகத் தீர்மானிப்பதில்லை. மருத்துவரும் தொழில்நுட்பரும் தீர்மானிக்கிறார்கள். திறமையான கைகளில் இரு முறைகளும் நன்றாக அமைகின்றன. அளவெடுத்தலில் பிழை நேர்ந்தால், அப்பிழையையும் இயந்திரம் துல்லியமாகவே செதுக்கித் தரும்.

கணினி முறைகளின் உண்மையான பயன்கள்

முதலாவது, குறைந்த அலைச்சல். மரபான முறையில் முழுப் பல்செட் செய்ய வழக்கமாக ஐந்து தடவைகள் செல்ல வேண்டும். கணினி முறைகளில் இது இரண்டு முதல் நான்கு தடவைகளாகக் குறையலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், தொலைவிலிருந்து அழைத்து வருபவருக்கும், வேலைக்கு விடுப்பெடுக்க வேண்டிய பராமரிப்பாளருக்கும் இது சிறிய பயனன்று. உள்வைப்பு எலும்புடன் பிணைய எடுக்கும் சில மாதங்களைக் கணினி முறை குறைப்பதில்லை என்பதையும் அறிய வேண்டும்.

இரண்டாவது, சேமித்து வைத்த வடிவம். பல்செட் தொலைந்தாலோ உடைந்தாலோ, கணினியில் உள்ள கோப்பைக் கொண்டு அதே வடிவில் மீண்டும் செய்யலாம். மறதி நோய் உள்ளவர்கள் பல்செட்டைத் தொலைப்பது அடிக்கடி நேர்வது. புதிதாக அளவெடுக்க அவர்கள் ஒத்துழைப்பதும் கடினம்.

மூன்றாவது, நீண்ட உலோகச் சட்டங்களின் பொருத்தம். பல உள்வைப்புகளை இணைக்கும் சட்டத்தில், வார்த்த உலோகத்தைவிடச் செதுக்கிய உலோகம் பொதுவாகத் துல்லியமாக அமர்கிறது. நிலையான பல்செட்டைத் தேர்பவருக்குக் கூடுதல் கட்டணம் பொருள்படும் இடம் இதுவே.

பொருள் பற்றியும் ஒரு சொல். நிலையான வகையில் அக்ரிலிக் பற்கள் தேய்வதும் பெயர்வதும் வழக்கமான குறை. ஆனால் பழுதுபார்ப்பது எளிது. சிர்கோனியா தேயாது, கறை எளிதில் படியாது. ஆனால் சட்டமே விரிசல் கண்டால் பெரும்பாலும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியவை

இன்று தன் பல்செட்டைத் தானே தூய்மை செய்பவர், பத்து ஆண்டுகளுக்குப் பின் பக்கவாதம், நடுக்குவாதம், மூட்டுவாதம் அல்லது மறதி நோயால் பிறர் உதவியை நாட நேரலாம். நிலையான பல்செட்டின் அடியில் சிக்கும் உணவை நீக்க, இடைவெளித் தூரிகையும் பல் நூலும் நீர் பாய்ச்சும் கருவியும் நாள்தோறும் தேவை. தூய்மை குறைந்தால் உள்வைப்பைச் சுற்றியுள்ள ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, உள்வைப்பையே இழக்க நேரிடும். கழற்றி மாட்டும் வகையைப் பராமரிப்பாளர் எளிதாகக் கையாளலாம். இந்த முடிவில் பராமரிப்பவரும் கலந்துகொள்வது அவசியம்.

கழற்றி மாட்டும் பல்செட்டை இரவில் கழற்றி, தூரிகையால் தேய்த்து, தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்ட 524 முதியோரைக் கவனித்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், உறக்கத்தின்போதும் பல்செட் அணிந்திருந்தவர்களிடம் நிமோனியா இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. கொதிநீரைப் பயன்படுத்த வேண்டாம், அக்ரிலிக் வளைந்துவிடும். வெளுப்புக் காரம் உலோக இணைப்புகளை அரிக்கும். வாயினுள் உள்ள உள்வைப்பின் தலைப்பகுதியையும் மென்மையான தூரிகையால் துலக்க வேண்டும்.

பொத்தான் இணைப்புகளின் உள்ளே இருக்கும் நைலான் அல்லது ரப்பர் பகுதி தேய்வது இயல்பு. அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். பல்செட் தளர்ந்துவிட்டது என்றால் உள்வைப்பு பழுதாகிவிட்டது என்று பொருளன்று.

ஒப்புதல் அளிக்கும் முன் கேட்க வேண்டிய வினாக்கள்

1. என் தாடைக்கு எத்தனை உள்வைப்புகள் தேவை? அதைவிடக் குறைவாக வைத்தால் என்ன இழப்பு?
2. கழற்றி மாட்டும் வகை, நிலையான வகை ஆகிய இரண்டில் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்? காரணம் என்ன?
3. அளவெடுத்தல், சட்டம், பற்கள் ஆகியவற்றில் எந்தெந்தக் கட்டத்தில் கணினி பயன்படுகிறது? எந்தப் பயனுக்காகக் கூடுதல் கட்டணம்?
4. இறுதிப் பல்செட்டுக்கு முன் வாயில் வைத்துப் பார்க்கும் மாதிரி உண்டா? அதை அணிந்து நான் பேசிப் பார்க்கலாமா? ('த', 'ந' ஆகியவை நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலிகள்; பற்களின் இடம் மாறினால் இவற்றில் உடனே தெரியும்.)
5. பல்செட் உடைந்தால் இங்கேயே பழுதுபார்க்க முடியுமா? எத்தனை நாள் ஆகும்? கணினிக் கோப்பை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? அதன் நகல் எனக்குக் கிடைக்குமா?
6. உள்வைப்பின் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவை எழுதிய அட்டை தருவீர்களா? (பிற்காலத்தில் வேறு மருத்துவர் உதிரிப் பாகம் மாற்ற இவ்விவரங்கள் இன்றியமையாதவை.)
7. முதல் ஐந்து ஆண்டுகளில் பராமரிப்புக்கு எவ்வளவு செலவாகும்?

உங்கள் தரப்பிலும் மருத்துவரிடம் மறைக்கலாகாத செய்திகள் உள்ளன. கட்டுக்குள் வராத நீரிழிவு, புகைபிடித்தல், தலை கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சு, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எடுத்துக்கொண்ட பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் வகை மருந்துகள், குருதி உறையாமை மருந்துகள் ஆகியவற்றைத் தவறாமல் கூறுங்கள். புகைபிடிப்பவர்களிடம் உள்வைப்பு தோல்வியுறும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

எப்போது தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்?

• உள்வைப்பைச் சுற்றி ஈறு சிவந்து வீங்குதல், குருதி அல்லது சீழ் வடிதல்
• உள்வைப்போ நிலையான பல்செட்டோ அசைதல்
• கீழுதடு அல்லது மோவாயில் மரத்துப்போன உணர்வு
• இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்

குறைகள் ஒன்றும் தோன்றாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஈறு நோயோ நீரிழிவோ உள்ளவர்களுக்கு மருத்துவர் இன்னும் குறுகிய இடைவெளியைக் குறிப்பிடலாம்.

விளம்பரத்தில் இடம்பெறும் இயந்திரத்தின் பெயரைவிட, மேற்கண்ட வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே சிகிச்சையின் தரத்தைக் காட்டும். விடைகள் தெளிவாக இல்லையெனில், ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், செயற்கைப் பல் சிகிச்சையில் பயிற்சி பெற்ற மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவது நோயாளியின் உரிமை. இப்பக்கத்தின் செய்திகள் பொது அறிதலுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை உங்கள் மருத்துவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.